வெள்ளத் தடுப்புக்கு ஊர்ப் பங்கு: கட்ட வசதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஹூஸ்டனில் வீடு வாங்கியிருக்கிறீர்களா? உங்கள் சொத்து வரி ரசீதில் ஹாரிஸ் கவுன்டி வெள்ளக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு என்று தனியாக ஒரு தொகை இருக்கும். அது எதற்கு?

ஓடையை அகலப்படுத்துவது, கரை கட்டுவது போன்ற பெரிய வேலைகளை அமெரிக்காவில் பெரும்பாலும் ராணுவப் பொறியாளர் படை (மத்திய அரசுக்காக நீர்த்திட்டங்களைக் கட்டும் அமைப்பு) எடுத்துச் செய்கிறது. ஆனால் முழுச் செலவும் வாஷிங்டனிலிருந்து வராது. உள்ளூர் அமைப்பு ஒன்றும் பங்கு போட வேண்டும் என்று 1986இல் வந்த சட்டம் உறுதியாக்கியது. அந்த அமைப்புதான் உள்ளூர்ப் பங்காளி; உங்கள் ரசீதில் இருப்பதும் அப்படி ஒன்றுதான்.

எவ்வளவு போட வேண்டும்? வெள்ளத் தடுப்புக் கட்டுமானம் என்றால் குறைந்தது 35 சதவீதம், அதிகபட்சம் 50. இதில் 5 சதவீதம் கட்டாயம் ரொக்கம். நிலம் வாங்கிக் கொடுப்பதும் உள்ளூர்ப் பொறுப்பு. அந்த மதிப்பு பங்கில் கழிக்கப்படும். 10 கோடி டாலர் திட்டத்தில் பங்கு 3.5 கோடி; நிலத்துக்கு 2 கோடி போனால், மீதி 1.5 கோடி ரொக்கம்.

மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால்? 30 ஆண்டுத் தவணைக்கும் வழி உண்டு, வட்டியோடு. கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸைச் சுற்றி எழுந்த தடுப்புகளுக்கான பங்கில் லூசியானாவுக்கு ஏறிய வட்டி எவ்வளவு என்றால், அதைத் தள்ளுபடி செய்ய 2020இல் அமெரிக்கக் காங்கிரஸே வழி செய்ய வேண்டியிருந்தது.

சரி, வசதியை யார் சோதிக்கிறார்கள்? பங்காளியின் தலைமை நிதி அலுவலர், தங்கள் கடமை தெரியும், கட்டும் சக்தி இருக்கிறது என்று கையெழுத்திட்டுத் தருகிறார். தனக்குத் தானே சான்றா என்று கேட்பீர்கள். ஏறக்குறைய அப்படித்தான். அதனால்தான் வரி கட்டும் நீங்களும் கணக்கைப் பார்ப்பது நல்லது.

எங்கே பார்ப்பது? முதலில் பராமரிப்பில். கட்டி முடித்த பிறகு புல் வெட்டுவது, மண் அள்ளுவது, மதகைப் பழுது பார்ப்பது எல்லாம் உள்ளூர்ச் செலவு, ஆண்டுதோறும். ரிப்பன் வெட்ட வருகிற தலைவர்கள் புல் வெட்டும் செலவைப் பேசுவதில்லை. ஹார்வி புயல் அடித்து ஓராண்டில், 2018 ஆகஸ்ட் 25 அன்று, ஹாரிஸ் கவுன்டி மக்கள் 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு (மக்கள் ஒப்புதலோடு அரசு வாங்கும் கடன்) சம்மதித்தார்கள். மத்தியப் பணம் பெறப் போட வேண்டிய பங்கும் அதில் சேர்த்தி. ஆனால் அது கட்டுமானத்துக்கான பணம். பராமரிப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் கூடுதலாகத் திரட்ட, 2024 நவம்பரில் வரியை உயர்த்தக் கேட்டு மறுபடி வாக்குச் சீட்டு வந்தது. நூலிழையில்தான் தேறியது.

ஆகவே உங்கள் ஊரில் இப்படி ஒரு வாக்கெடுப்பு வந்தால், உள்ளூர்ப் பங்காளியின் பட்ஜெட்டில் பராமரிப்புத் தொகையைத் தேடுங்கள். அது தனி வரியிலிருந்து வருகிறதா, அல்லது ஆண்டுதோறும் பேரம் பேசி வாங்கும் பொதுப் பணமா? பழைய கடன்களின் தவணைக்கு வருமானத்தில் எவ்வளவு போகிறது? அந்த அமைப்பின் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியிருப்பார்கள்.

வாடகைக்கு இருப்பவருக்கு இதில் என்ன என்று நினைக்காதீர்கள். சொத்து வரி ஏறினால், அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றப் பார்ப்பார்.