உருக்கைச் சூடாக்கும்போது கலப்பு மூலகங்கள் செய்வது என்ன?

மாணவர்களே, திண்மத்தைச் சூடாக்கினால் அது விரியும் எனக் கற்றிருக்கிறீர்கள். தூய இரும்பும் அவ்வாறே விரிகின்றது. ஆனால் 912 பாகை செல்சியஸை அடைந்ததும் அது சற்றுச் சுருங்குகின்றது! இரும்பின் உருகுநிலை 1538 பாகை. ஆகவே இது உருகலன்று. திண்ம நிலையிலேயே அணுக்களின் அடுக்கு மாறுகின்றது. முன்னர் சதுரமுகியின் மூலைகளிலும் மையத்திலும் இருந்த அணுக்கள், இப்போது மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அமைந்து மேலும் நெருக்கமாகின்றன. இதுவே அவத்தை மாற்றம். முதலாவது அவத்தை பெரைற்று, இரண்டாவது ஒஸ்தெனைற்று எனப்படும்.

பெரைற்றில் காபன் 0.02 சதவீதமளவே கரையும். ஒஸ்தெனைற்றில் ஏறத்தாழ 2 சதவீதம்வரை கரையும். காபன் உருக்கில் இம்மாற்றம் 727 பாகையிலேயே தொடங்கிவிடும். கொல்லர் உளியைச் செஞ்சூடாக்கி நீரில் தோய்ப்பது ஏன்? ஒஸ்தெனைற்றில் கரைந்த காபன் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்வதால் உருக்கு வன்மையடைகின்றது. மாற்றம் நிகழுமுன் தோய்த்தால் பயனில்லை. இம்மாற்ற வெப்பநிலையையே கலப்பு மூலகங்கள் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. “கலப்பு மூலகம் உருக்கைப் பலமாக்கும்” என்று மட்டும் எழுதினால் விடை நிறைவு பெறாது.

நிக்கல், மங்கனீசு ஆகியன அதனைக் குறைக்கும். இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் றொபேட் ஹட்பீல்ட் 1882இல் ஏறத்தாழ 12 சதவீத மங்கனீசு சேர்த்த உருக்கை உருவாக்கினார். அதனைச் சூடாக்கி நீரில் குளிர்வித்தால் அறைவெப்பநிலையிலும் ஒஸ்தெனைற்றாகவே இருக்கும். காந்தம் அதனைக் கவராது.

குரோமியம், தங்குதன், வனேடியம் ஆகியன மாற்ற வெப்பநிலையை உயர்த்தும். அத்துடன் அவை காபனைக் காபைட்டாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். இக்காபைட்டுக்கள் எளிதில் கரைவதில்லை. 18 சதவீதத் தங்குதன், 4 சதவீதக் குரோமியம், 1 சதவீத வனேடியம் கொண்ட துளையிடும் அலகுகளின் உருக்கை 1250 பாகைக்கும் மேல் சூடாக்கியே வன்மையாக்குவர். உளிக்குப் போதுமான வெப்பம் இதற்குச் சற்றும் போதாது. இவ்வளவு சிரமப்படுவதற்குப் பலனுண்டு: வேலை செய்கையில் அலகு செஞ்சூடேறினாலும் வன்மை இழக்காது.

கவனிக்க: சூடாக்கிய இரும்பு 770 பாகையில் காந்தத்தாற் கவரப்படும் தன்மையை இழக்கும். அப்போது அணு அடுக்கு மாறுவதில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி வினா: இரண்டு கறையில் உருக்குக் கரண்டிகளுள் ஒன்றைக் காந்தம் பலமாகக் கவர்கின்றது, மற்றையதைக் கவரவில்லை. காரணம் என்ன?

விடைக் குறிப்பு: கவரப்படுவதில் குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை அல்லது மிகக் குறைவு. மற்றையதில் 18 சதவீதக் குரோமியத்துடன் 8 சதவீதமளவு நிக்கலும் இருப்பதால் ஒஸ்தெனைற்று நிலைத்திருக்கின்றது.