நெற்றியிலிருந்து இடுப்புக்கு இறங்கிய சுமை

நம்மூர்ச் சாலையோரங்களில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் மிச்சமிருக்கின்றன. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கைகொடுக்க ஆள் தேடாமல் மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். சுமப்பதைவிட இறக்குவதும் ஏற்றுவதும்தான் பாடு என்று தெரிந்தவர்கள் நட்ட கல். அமெரிக்காவின் ராக்கி மலையில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. விழுந்து கிடக்கும் மரமும் மலைச்சரிவும்தான் அவருடைய சுமைதாங்கி.

எல்க், நம் கடமானுக்குத் தூரத்து உறவு. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை எடுத்துவிட்டாலும் 90, 100 கிலோ இறைச்சி தேறும். அலாஸ்காவின் மூஸ் இன்னும் பெரிது. 700 கிலோ மூஸில் இறைச்சி மட்டுமே 225 கிலோ வரும். காட்டு விலங்கின் இறைச்சியை அங்கே விற்க முடியாது. தின்னத் தகுந்ததைக் காட்டில் அழுகவிட்டு வருவதும் பல மாநிலங்களில் குற்றம். ஆகவே துப்பாக்கி வெடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. இறைச்சியைச் சுமந்து காட்டைவிட்டு வெளியே கொண்டுவரும் அந்த வேலையை ‘பேக் அவுட்’ என்பார்கள். நான் வேட்டைக்காரன் அல்ல, ஆகப் போவதுமில்லை. எனக்குச் சுவாரசியம் அதற்கு மாட்டும் முதுகுப் பையில்தான்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே அங்குள்ள பழங்குடியினர் நெற்றிப் பட்டையில் சுமந்தார்கள். ஒரு தோல்வாரை நெற்றிக்கு மேலே மாட்டி, பாரத்தை முதுகில் தொங்கவிட்டு, முன்னால் சாய்ந்து நடப்பது. நுவரெலியாப் பக்கம் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டு நடக்கும் நம் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கழுத்து பழகியவருக்கு அது அருமையான ஏற்பாடு. பழகாதவருக்கு மறுநாள் தலை திரும்பாது. வசதியுள்ளவர்கள் குதிரையும் கோவேறு கழுதையும் கொண்டுபோனார்கள், இன்றும் கொண்டுபோகிறார்கள்.

1920 வாக்கில் லாயிட் நெல்சன் என்பவர் அலாஸ்காவில் ஒரு நெடுநடைக்காகப் பழங்குடிக்காரர் ஒருவரிடம் சுமைச்சட்டம் ஒன்றை இரவல் வாங்கினார். மரக்குச்சியும் கடல்நாய்த் தோலுமாகச் செய்தது. முதுகை அது குத்திய குத்தில், இதைத் திருத்தியே தீருவது என்று ஊர் திரும்பினாராம். மரச்சட்டத்தின் மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டி, மரம் முதுகில் படாமல் செய்தார். 1924-இல் காப்புரிமை கிடைத்தது. ‘டிராப்பர் நெல்சன்’ என்ற பெயரில் வனத்துறையினரும் வேட்டைக்காரர்களும் பல பத்தாண்டுகள் முதுகில் மாட்டிய பை அதுதான். முதுகு தப்பித்தது, தோள் மாட்டிக்கொண்டது. அதில் இடுப்புப் பட்டை கிடையாது. முப்பது கிலோவும் இரண்டு வாரில் தொங்கித் தோள் எலும்பை அறுத்தது.

விடை கிடைத்தது கால்சட்டைப் பையில்! கலிபோர்னியாவின் சியெரா மலையில் நடந்துகொண்டிருந்த டிக் கெல்ட்டியும் நண்பரும், சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்த்தார்கள். சட்டென்று தோள் லேசானது. பாரம் இடுப்பெலும்பில் உட்கார்ந்துவிட்டது. தச்சுவேலை தெரிந்த, போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் இருந்த மனிதர் அவர். விமானத்துக்கு ஆகும் அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டம் செய்தார். மனைவி நீனா பையைத் தைத்தார். 1952-இல் விற்பனை தொடங்கியது. முதல் ஆண்டில் விற்றவை 29, விலை 24 டாலர். என்னைக் கேட்டால் இந்த நூறாண்டுக் கதையில் உண்மையான மாற்றம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மெருகு.

ஆனால் அலுமினியக் குழாய் கிளையில் பட்டால் ‘டங்’ என்றது. மலையேறிக்கு அது சத்தம். வேட்டைக்காரருக்கு ஒரு நாள் உழைப்பு போச்சு. 1967-இல் கிரெக் லோவ் என்பவர் சட்டத்தைப் பைக்குள்ளேயே ஒளித்துவைத்தார். பை முதுகோடு ஒட்டியது, சத்தம் நின்றது, எடை மிகும்போது தொய்ந்தது.

இன்றைய வேட்டைப் பை இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளை. மொன்டானாவின் போஸ்மன் நகரம் இதற்குப் பேர்போனது. டேனா கிளீசன் 2000-இல் மிஸ்டரி ராஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கியது அங்கேதான். சட்டம் தனி, பை தனி. பட்டைகளைத் தளர்த்தினால் நடுவில் வாய் திறக்கும்; அதற்கு ‘லோடு ஷெல்ஃப்’ என்று பெயர். இறைச்சி பைக்குள் போகாது. இந்த இடுக்கில், சட்டத்தோடு அணைந்து நிற்கும். துணிமணியில் ரத்தம் படாது. பாரம் முதுகைவிட்டு விலகாது. கார்பன் நார்ச் சட்டத்தோடு 600, 700 டாலர் கேட்கிறார்கள்.

பணம் கொடுத்தால் போதாது, மாட்டத் தெரிய வேண்டும். எலும்போடு எல்க்கின் ஒரு பின்னங்கால் கிட்டத்தட்ட 25 கிலோ. காற்றுப் புகும் துணிப்பையில் அதைக் கட்டுவார்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் சூடு அடங்காமல் கெட்டுவிடும். பாரம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் ஆளைப் பின்னால் இழுக்கும், உச்சிக்கு ஏறினால் முகங்குப்புறத் தள்ளும். பிறகு எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, சரிவில் பையைச் சாய்த்து, வேட்டைக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்து கையை நுழைக்கிறார். முதலில் இடுப்புப் பட்டை: தொப்புளைச் சுற்றி அல்ல, இடுப்பெலும்பின் விளிம்பைக் கவ்விக்கொண்டு. அடுத்து தோள்வார். கடைசியாக, தோளுக்கு மேல் சட்டத்தின் உச்சியிலிருந்து வரும் சின்ன வார்கள். ஒருக்களித்து முழங்காலிட்டு, இரண்டு கைத்தடியையும் ஊன்றி எழுகிறார். கால் நடுங்கும். ஏற்றத்தைவிட இறக்கம் மோசம். ஒவ்வோர் அடியும் முழங்காலில் விழும்.

அந்த முழங்கால் மட்டும் நெல்சன் காலத்து முழங்கால்தான். பை ஐம்பது கிலோ தாங்கும் என்றால் ஐம்பதையும் ஏற்றுவது, இன்னொரு நடையை மிச்சம் பிடிக்கும் ஆசை. கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. 25 கிலோ அரிசி மூட்டையை அதில் கட்டி, நான்கு மாடி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்; மலையேற்றத்துக்கு வாங்குகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அலாஸ்காவில் ஒரு விதி உண்டு. மூஸின் கொம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இறைச்சிக்கு முன்னால் அதைக் கொண்டுபோகக் கூடாது. கடைசி நடை இறைச்சியோடுதான் கொம்பு காட்டைவிட்டு வெளியே வரலாம்.