கம்பியில்லா இணையமும் பழைய மடிக்கணினியும்

கூடலூரில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், இணையம் தடைப்படுந்தோறும் மழையையும் மூடுபனியையும் பழித்தல் நம்மவர்க்கு இயல்பாய்விட்டது. மின்சாரம் நின்றாலும், வெளியே கம்பி அறுந்தாலும் அப்பழி பொருந்தும். ஆயின், ஒரே அறையிற் கைப்பேசிக்கு இணையம் தடையின்றி வர, பழைய மடிக்கணினிக்கு மட்டும் வாராதாயின், மழை குற்றமற்றதென்றே கொள்ளல் வேண்டும். அவ்வமயம், ‘கருவி கெட்டது’ என்று துணிந்து புதியது வாங்க முற்படுவாரும் உளர். பல வேளைகளிற் கருவி கெடுவதில்லை. ரௌட்டர் புதிய முறையிற் பேச, மடிக்கணினி பழைய முறையையே அறிந்திருப்பதே காரணமாம். இதனை ஆராயும் முறையை ஈண்டு விளக்குவாம்.

முதற்கண், மடிக்கணினியின் வைஃபை விசை திறந்துள்ளதா என நோக்குக. பின்னர், ரௌட்டரையும் மடிக்கணினியையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்க்க. கம்பிவழி இணையம் வருமாயின், குறை கம்பியில்லாப் பகுதியிலேயே உளது.

இனி, வைஃபையின் பெயரே திரையிற் காணப்படாதாயின், அலைவரிசையை ஆராய்க. இக்கால ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளிற் பேசுவன. பழைய கருவிகள் பல முன்னதை மட்டுமே அறியும். ஆகவே, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 அலைவரிசையைத் திறந்து, 1, 6, 11 ஆகிய சேனல்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்க. 12, 13 ஆம் சேனல்களைச் சில பழைய கருவிகள் காணமாட்டா. தடித்த சுவர்களை ஊடுருவிச் செல்வதிலும் 2.4 அலைவரிசையே மேம்பட்டது.

பெயர் தோன்றியும் சரியான கடவுச்சொல்லை ஏலாதாயின், காவல்முறையே காரணமாதல் கூடும். 2018-ஆம் ஆண்டில் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையைப் பழைய கருவிகள் பல அறியா; 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையை அறியும். ரௌட்டரைப் பின்னதற்கு மாற்றி, மடிக்கணினியிற் பழைய இணைப்பை நீக்கி, மீண்டும் சேர்க்க. இணைப்பு எளிதாகுமென்று கடவுச்சொல்லையே நீக்கிவிடுதல், வாயிற்கதவைக் கழற்றிவைத்து உறங்குதல் போலாம், அது தகாது.

இணைந்தும் பக்கங்கள் திறவாதாயின், நாட்காட்டியை நோக்குக. உள்ளிருக்கும் சிறு நாணய வடிவ மின்கலம் தீர்ந்தால், கடிகாரம் பல்லாண்டு பின்னே செல்லும். அப்போது இணையத்தளங்களின் சான்றிதழ்கள் ‘இன்னும் தொடங்காதவை’ எனத் தள்ளுண்ணும். நாளைத் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் அக்குறை தீரும்.

இவை யாவும் செய்தும் பயனின்றேல், யு.எஸ்.பி. வைஃபை துண்டு ஒன்றை வாங்கிப் பொருத்துக. அதன் விலை, புதிய மடிக்கணினியின் விலையில் ஒரு சிறு கூறேயாம்.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. அன்று அண்ணன் பெற்ற கருவி, இன்று தங்கைக்குப் பாடங் கற்பிக்க வல்லதாயின், அதனை மூலையில் எறிதல் பொருளிழப்பு மட்டுமன்று; அவள் கல்விக்குச் செய்யும் தீங்குமாம். ஆதலின் நம் மாணவர், பழிப்பதன்முன் ஆராய்வாராக.