பழைய வால்வு ரேடியோவில் எந்தக் கண்டென்சரை மாற்றுவது?

பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோவைத் தூசி தட்டியதும் பிளக்கில் செருகிப் பார்க்கத்தான் கை போகும். தயவுசெய்து செருகாதீர்கள். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த பெட்டியிலும் வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பவை கண்டென்சர்கள். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் நல்ல வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் அவை சேர்த்தே கெடுத்துவிடும்.

அந்தக் காலத்துக் கண்டென்சர்களில் பல, மெல்லிய காகிதத்தையும் உலோகத் தாளையும் சேர்த்துச் சுருட்டி மெழுகிலோ தாரிலோ அடைத்தவை. காகிதம் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறிய காகிதம், தடுக்க வேண்டிய டிசி மின்சாரத்தைக் கசியவிடும்.

இந்தக் கசிவு மிக அதிகமாகக் கெடுதல் செய்யும் இடம் ஒன்று உண்டு. ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வின் கிரிட்டுக்கு முன்னால், பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கண்டென்சர் இருக்கும். அதன் ஒரு முனை முந்தைய வால்வின் ஆனோடில், பல பத்து வோல்ட்டில் இருக்கிறது. மறுமுனை கிரிட்டில், அங்கே பாசிட்டிவ் வோல்ட் எட்டிப்பார்க்கவே கூடாது. சில வோல்ட் கசிந்தாலே கடைசி வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், ஒலி கரகரக்கும், நாளடைவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முடி போன்ற கம்பி கருகிப்போகும். வால்வைச் சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம்; அந்த டிரான்ஸ்ஃபார்மரையோ புதிதாகச் சுற்றித்தான் ஆக வேண்டியிருக்கும். ஆகவே இந்த ஒரு கண்டென்சரைச் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது, கசிவோ நூறு இருநூறு வோல்ட்டில்தான் முழுதாகத் தெரியும். மீட்டர் 'சரி' என்று காட்டுவதை இங்கே நம்ப முடியாது.

அடுத்தது அலுமினிய டப்பாவில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக். அதனுள் இருக்கும் ஆக்சைடு படலம், வோல்ட்டேஜ் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் நலியும். உள்ளிருக்கும் திரவமும் உலரும். உலர்ந்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல். ஷார்ட் ஆனால் ரெக்டிஃபயர் வால்வும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். 32 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 33, 50 இருந்த இடத்தில் 47 போடலாம். வோல்ட் அளவு பழையதற்குக் குறையக்கூடாது, பிளஸ் மைனஸ் மாறவும் கூடாது. பெரிதாகப் போட்டால் நல்லது என்று நினைத்து 100 போடாதீர்கள்: EZ80 போன்ற ரெக்டிஃபயர் வால்வு, தன்னை ஒட்டிய முதல் கண்டென்சராக 50 வரைதான் தாங்கும்.

காகிதக் கண்டென்சர்களுக்குப் பதிலாக 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் வகை போதும். பழையதில் தெரியும் கறுப்பு வளையம் வெளித்தாள் எந்த முனை என்பதைக் காட்டுவது. மைனஸ் என்று குழம்ப வேண்டாம். மெயின் கம்பிகளுக்குக் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ்2 வகையும், மெயினிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய்2 வகையும் மட்டுமே பாதுகாப்பு. மைக்கா, செராமிக் வகைகளைக் காரணமில்லாமல் தொடாதீர்கள், ட்யூனிங் கலைந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டி எடுப்பது எனக்கு உடன்பாடில்லாத முறை. ஒன்றை எடுத்து, ஒன்றை வைத்து, சர்க்யூட் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிளக்கை உருவிய பிறகும் எலக்ட்ரோலிட்டிக்கில் ஆளைத் தூக்கிப்போடும் வோல்ட்டேஜ் தேங்கியிருக்கலாம். காப்பிட்ட கம்பியோடு ஒரு ரெசிஸ்டரை வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். UCH81, UL84 என்று 'யு'வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை: பல செட்டுகளில் சேசிஸே மெயின் கம்பியோடு சேர்ந்திருக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அவற்றைத் திறந்துவைத்து ஓட்டக்கூடாது.

முதல் முறை ஓட்டும்போது 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. மங்காமலே எரிந்தால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டு, செட் நன்றாகச் சூடான பின் கடைசி வால்வின் கிரிட்டில் மீட்டரை வையுங்கள். பூஜ்யமோ மைனஸோ காட்ட வேண்டும். புதுக் கண்டென்சர் போட்ட பிறகும் பாசிட்டிவ் ஏறிக்கொண்டே போனால், இனிச் சந்தேகப்பட வேண்டியது அந்த வால்வைத்தான்.