வலி நின்ற பிறகும் சொத்தைப் பல்லை ஏன் பிடுங்கச் சொல்கிறார்கள்?

இரவெல்லாம் உறங்கவிடாமல் வதைத்த சொத்தைப் பல் ஒருநாள் தானாகவே சாந்தமடைந்துவிட்டால், வியாதி நிவர்த்தியாயிற்று என்று நீங்கள் மகிழக்கூடும். உண்மையில் மாண்டது வியாதியன்று, வலியை உணர்த்திய நரம்பே.

பல்லின் நடுவிலுள்ள மெல்லிய சதை அழியும்போது அதற்கு வந்த ரத்த ஓட்டமும் நின்றுவிடுவதால், நீங்கள் விழுங்கும் மாத்திரை, வாய்க்கால் தூர்ந்துபோன வயலுக்குத் தண்ணீர் எட்டாததுபோல, உள்ளே குடியிருக்கும் கிருமிகளை எட்டுவதே இல்லை.

அவற்றின் நஞ்சு வேர்நுனி வழியே கசிய, அதை எதிர்க்கும் உடலின் முயற்சியிலேயே சுற்றியுள்ள தாடையெலும்பு கரைகிறது. ஈறில் மிளகளவில் ஒரு கொப்புளம் தோன்றி, உடைந்து, உப்புக்கரிக்கும் சீழ் கசிந்து, மீண்டும் தோன்றுவதைக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்களே!

அப்படியானால் பிடுங்கத்தான் வேண்டுமா? வேர் உறுதியாயிருந்தால், வேர்க்குழாயைச் சுத்திசெய்து அடைக்கும் சிகிச்சையே உத்தமம் என்பேன். வேர் நெடுக விரிசல் கண்டிருந்தாலோ, கிருமி புகும் அவ்வழியை அடைக்க இயலாதாகையால், பிடுங்குவதே மார்க்கம்.