புறாக் கூட்டில் இரண்டு முட்டைகள்

பழைய கோவில்களின் மணிக்கூண்டுகளில் குடியேறும் புறாக்களை விரட்டுவதற்குப் பெரியவர்கள் வழி தேடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகளோ ஒரு ஜோடிப் புறா வாங்கித் தரும்படி நச்சரிக்கிறார்கள். வாங்கித் தருவதில் தவறேதுமில்லை. உயிரொன்றை ஓம்பும் பழக்கம் இளமையிலேயே வருவது நல்லது. ஆனால், புறா முட்டையிட்ட அன்றிலிருந்து குஞ்சு தானே இரை பொறுக்கும் நாள்வரை ஏறத்தாழ ஏழு வாரங்கள். இதற்குப் பொறுமையுள்ள வீட்டிலேயே புறா தழைக்கும்.

கர்ணம், லக்கா, ஹோமர் என எவ்வகையை வாங்கினாலும் ஆறு மாதம் நிறைந்த ஜோடியாக இருத்தல் வேண்டும். மிக இளம் பெட்டை இடும் முட்டையின் ஓடு மெலிந்திருக்கக்கூடும். ஆணையும் பெட்டையையும் நிறத்தால் பிரித்தறிதல் கடினம். கழுத்தை உப்பிக்கொண்டு, குனுகியவாறு வட்டமிட்டு ஆடுவது பெரும்பாலும் ஆணே. இரண்டு பெட்டைகளை ஒரே கூண்டில் விட்டாலும் அவை ஜோடி சேர்ந்து கூடு கட்டும், கூட்டில் நான்கு முட்டைகள் கிடக்கும், நான்கும் கூமுட்டைகளே! ஆகவே நான்கு முட்டைகளைக் கண்டு மகிழ்வதற்கு முன் ஜோடியைச் சற்று உற்றுப் பாருங்கள்.

ஒரு ஜோடிக்கு ஒன்றரை அடிச் சதுரப் பெட்டி போதும். அதில் ஒன்றுக்கு இரண்டாக அகன்ற மண்சட்டிகளை வையுங்கள். முதல் குஞ்சுகள் சட்டியை விட்டு இறங்குமுன்பே, அவற்றின் இரண்டு அல்லது மூன்றாம் வாரத்தில், தாய் மறுபடியும் முட்டையிடத் தொடங்கிவிடும். ஈர்க்கு, வேப்பங்குச்சி, வைக்கோல் ஆகியவற்றை அருகில் போட்டால் ஆண் புறா ஒவ்வொன்றாகக் கொண்டுவர, பெட்டை அமர்ந்து அடுக்கிக்கொள்ளும். கம்பு, சோளம், கோதுமை, பச்சைப்பயறு, பட்டாணி ஆகியன கலந்த தீனியும், மூக்கு முழுகக் குடிக்கத்தக்க நீரும் தேவை. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது என்பதால், நொறுக்கிய கிளிஞ்சலை எப்போதும் ஒரு கிண்ணத்தில் வைத்திருங்கள். பூனை, எலி, சாரைப்பாம்பு ஆகியவற்றுக்கு எதிராக அரை அங்குலக் கம்பிவலை அவசியம்.

ஜோடி கூடிய எட்டு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் முதல் முட்டை மாலை வேளையில் வரும். இங்குதான் புதியவர்கள் பதறுகிறார்கள். முட்டையிட்ட தாய் அதன்மேல் ஒழுங்காக அமராமல், அதை ஒட்டி நின்றுகொண்டிருக்கும். தாய் முட்டையை வெறுத்துவிட்டது என்று எண்ணிப் பலர் அதை எடுத்துப் பஞ்சில் பொதிந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டுவதில்லை. இரண்டாம் முட்டை ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து வரும். அதன் பின்னரே புறாக்கள் நெருங்கி அமர்ந்து அடைகாக்கும். இரு குஞ்சுகளும் அநேகமாக ஒரே நாளில் வெளிவர இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. அன்றிலிருந்து பதினேழு, பதினெட்டு நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். முற்பகலிலிருந்து பிற்பகல் வரை தந்தையும், மாலையிலிருந்து மறுநாள் காலை வரை தாயும் முறை வைத்து அமரும் அழகைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தூர இருந்தே காட்டுங்கள்.

முட்டையைக் கழுவலாகாது. ஓட்டின் நுண்துளைகளைக் காக்கும் மெல்லிய படலம் நீரால் நீங்கினால் கிருமிகள் உட்புகும். ஆறாம் நாள் இருட்டியபின், கைகளை நன்கு துடைத்துக்கொண்டு, முட்டையை டார்ச் விளக்கின்மேல் பிடித்துப் பார்த்தால், கரு கூடிய முட்டையில் சிலந்திக் கால்களைப் போலச் செந்நரம்புகள் பரந்திருக்கும். தெளிவாகத் தெரிந்தால் அது கூமுட்டை. ஒருமுறை பார்ப்பது போதும். நாள்தோறும் எடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்குக.

பெற்றோரில் ஒன்று இறந்தாலோ, இரண்டும் கூட்டை விட்டு அகன்றாலோ என் செய்வது? முட்டையைக் கருவியில் வைத்துப் பொரிக்கச் செய்வது இயலும். அதன்பின்தான் சிக்கல். புறாக் குஞ்சு கோழிக்குஞ்சைப்போல் பிறந்தவுடன் தீனி பொறுக்காது. கண் திறவாத அந்தச் சிற்றுயிருக்குத் தாயும் தந்தையும் தம் தீனிப்பையின் உட்சுவரிலிருந்து சுரக்கும் புறாப்பாலே முதல் நான்கைந்து நாட்களுக்கு உணவு. இதைச் சுரக்கச் செய்வது புரோலாக்டின் என்னும் உட்சுரப்பு. 1933-இல் அமெரிக்க அறிவியலாளர் ஆஸ்கார் ரிடில் குழுவினர் புறாக்களைக் கொண்டே அதை ஆராய்ந்து பெயரிட்டனர். மனிதத் தாய்க்குப் பால் சுரக்கச் செய்வதும் அதே பொருள் என்பது வியப்பன்றோ! அடைகாக்கும் நாட்கள் முதிர முதிரவே தீனிப்பை தடித்துப் பாலுக்கு ஆயத்தமாகும். ஆதலால் கைவிடப்பட்ட முட்டையை, ஓரிரு நாள் வேற்றுமையில் முட்டையிட்ட வேறொரு ஜோடியிடம் ஒப்படைப்பதே நன்று. நேற்றுத்தான் அடைகாக்கத் தொடங்கிய ஜோடியிடம் பொரிந்த குஞ்சை வைத்தால் ஊட்ட அவற்றிடம் பால் இராது. இதற்காகவேனும் அண்டை வீட்டுப் புறா வளர்ப்போருடன் நட்புறவு பாராட்டுங்கள்.

ஓட்டில் சிறு விரிசல் விழுந்து உட்சவ்வு கிழியாதிருந்தால், மெல்லிய ஒட்டுத்தாள் துண்டால் மூடிக் கூட்டிலேயே விடலாம். பொரியும் வேளையிலோ கைவைக்க வேண்டாம். குஞ்சு ஓட்டைக் குத்திய பின் வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். அந்நேரத்தில்தான் சவ்விலுள்ள குருதி உள்ளிழுக்கப்படுகிறது. மஞ்சட்கருவின் எச்சமும் வயிற்றுக்குள் செல்கிறது. இரக்கத்தால் ஓட்டை உரிப்பவர் குஞ்சைக் குருதி சிந்தச் செய்துவிடுவார்.

பிறந்த குஞ்சின் மஞ்சள் தூவியையும் பெரிய மூக்கையும் கண்டு பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். ஒரு வாரத்தில் அடையாள வளையம் மாட்டலாம். நான்கு வாரத்தில் கூட்டை விட்டு இறங்கும். ஐந்தாம் வாரத்தில் தானே உண்ணும்.

குடும்பத்தார் உடல்நலத்தையும் நினைக்க வேண்டும். புறாவின் இறகுத்தூளும் காய்ந்த எச்சமும் சிலருக்கு நுரையீரல் நோயைத் தரும். படுக்கையறை ஓரத்தில் கூண்டு வேண்டாம். எச்சத்தை நீர் தெளித்து, முகமூடி அணிந்து அகற்றுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இப்பணியைப் பிறரிடம் விட்டுவிடட்டும்.

இடைவிடாது குஞ்சு பொரிக்க விட்டால் தாய் மெலியும். கூண்டும் நிரம்பி வழியும். ஓய்வு தர எண்ணுகிறவர்கள் முட்டைகளை எடுத்து எறிந்தால், பத்து நாட்களுக்குள் பெட்டை மீண்டும் இடும். அதன் உடல் மேலும் நலியும். ஆதலால் முட்டையிட்ட முதல் இரண்டொரு நாளிலேயே அவற்றை எடுத்து, அதே அளவுள்ள மர முட்டைகளைச் சட்டியில் வையுங்கள். புறாக்கள் ஐயமின்றி அமர்ந்திருக்கும். மூன்று வாரம் சென்றபின் அவையே எழுந்து போய்விடும். அப்போது மர முட்டைகளைக் கழுவி அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாம்.