கடலுக்குள்ளும் ஒரு ரைசோபியம்

பூக்கிற பருவத்தில் ஒரு உளுந்துச் செடியைப் பக்குவமாகத் தோண்டி எடுத்து, வேரை அலசிப் பாருங்க. சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ரைசோபியம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளச் செடியால் முடியாது. பாக்டீரியா அதைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி, தான் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. நமக்கு இது தெரிந்த கதைதான். ரைசோபியத்தின் பங்காளி ஒருவர் நடுக்கடலில் இதே வேலையைப் பார்க்கிறார் என்பது 2024-ல்தான் வெளிவந்தது.

கணக்கு உதைத்த இடம்

நடுக்கடல் தண்ணீர் தெளிந்த நீலமாக இருக்கும். அந்தத் தெளிவே வறுமையின் அடையாளம். அங்கே தழைச்சத்து மிகக் குறைவு. அப்படியிருந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் அங்கே வளர்கின்றன. அவைதான் கடலின் புல்வெளி. மீன்களின் உணவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் புல்வெளிக்கு உரம் போடுவது யார்? நாம் நெல் வயலில் விடுகிறோமே, அந்த நீலப்பச்சைப் பாசியின் உறவுக்காரர்கள்தான் என்று அறிவியலாளர்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பாசி அரிதாக இருக்கிற கடல் பகுதிகளிலும் நைட்ரஜன் பிடிக்கப்படுவதை அளவீடுகள் காட்டின. அப்படியானால் வேறு யாரோ இருக்க வேண்டுமே!

ஆளைப் பிடித்த விதம்

நைட்ரஜனைப் பிடிக்கும் மரபணு ஒன்று கடல்நீரில் அடிக்கடி தென்பட்டுக்கொண்டே இருந்தது. கால் தடம் இருக்கிறது, ஆளைக் காணோம். அந்த ஒரு மரபணுவை மட்டும் வைத்து, ஆள் வேறு குடும்பம் என்று எழுதியும் வைத்திருந்தார்கள்.

ஜெர்மனியின் பிரேமன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனத்தில், மார்செல் குய்ப்பர்ஸ் குழுவினர் இதைத் துருவினார்கள். வட அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் கடல்நீரை எடுத்து, அதில் இருந்த மரபணுத் துண்டுகளைக் கிழிந்த காகிதத்தை ஒட்டுவதுபோல ஒட்டிச் சேர்த்தார்கள். முழுச் சித்திரம் கிடைத்தபோது, அது ரைசோபியம் வகையறா என்று தெரிந்தது.

சரி, அது எங்கே குடியிருக்கிறது? அந்த பாக்டீரியாவில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயத்தைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கண்ணாடி ஓடு போர்த்திய டயாட்டம் என்ற நுண்பாசிக்குள்ளிருந்து அது ஒளிர்ந்தது. சற்றே கனமான நைட்ரஜனைக் கொடுத்துத் தொடர்ந்து பார்த்ததில், பாக்டீரியா பிடித்த சத்து பாசிக்குப் போவதும் தெரிந்தது. தன் தேவையைப்போல நூறு மடங்கு பிடித்து, வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறதாம்!

அதற்கு வைத்த பெயர் டெக்டிகுளோபஸ் டயாட்டமிகோலா. பெயரின் பின்பாதிக்கு 'டயாட்டத்தில் குடியிருப்பது' என்று பொருள். இதுவரை தனியே பிரித்து வளர்க்கப்படாததால், முன்னால் 'கேண்டிடேட்டஸ்' என்ற தற்காலிக அடைமொழியும் உண்டு.

நமக்கு இதில் என்ன?

ஒன்று, நாளைக்கே யாராவது 'கடல் ரைசோபியம்' என்று பாட்டில் கொண்டு வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பாசிக்குள் வாழ்கிற உயிர் அது, நம் மண்ணுக்கு ஆகாது. நமக்கு ரைசோபியமே போதும். அந்தந்தப் பயறுக்கு உரியதை வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். மண்ணில் யூரியா நிறையக் கிடைத்தால் பயறுச் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். தழைச்சத்து கையில் வந்து விழும்போது, சர்க்கரை செலவழித்துக் கூட்டாளியை ஏன் வளர்க்கணும்? மூட்டையைக் கொட்டக் கொட்ட உறவு அறுந்துபோகிறது. பிறகு மூட்டை இல்லாமல் விளையாது என்ற நிலைமை வருகிறது.

மூட்டை போக முடியாத நடுக்கடலில் அந்த உறவு அறுபடாமல் நடக்கிறது. நம் வயலிலும் நடக்கும். பயறு வகைகளையும், சணப்பு, தக்கைப்பூண்டு, கொழுஞ்சியையும் சுழற்சியில் கொண்டு வாருங்கள். யூரியாவைத் தள்ளி வையுங்கள். அடுத்த பட்டத்தில் ஒரு வேரை அலசி, முடிச்சைக் கீறிப் பாருங்க. சிவப்பு தெரிகிறதா என்று எங்களுக்கு எழுதுங்கள்.